குரங்குக் கூண்டுக்கு ஒரே கதவு வைக்காதீர்கள்

போன வாரம் புதிதாகப் பயிற்சிக்குச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு குரங்குக் கூண்டின் வரைபடத்தோடு வந்திருந்தார்கள். பெங்களூர் பன்னேர்கட்டா சாலை டீக்கடையில் விரித்துப் பார்த்தேன். குரங்குகளை இரவில் அடைக்கும் உள்ளறைக்கு ஒரே கதவு. எனக்குச் சுருக்கென்றது. இதே மாதிரி நானும் ஒருகாலத்தில் வரைந்தவன். பூட்டு, வலை, வடிகால் பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், விடுங்கள். கூண்டு வரையும்போது நாம் செய்யும் மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

ஒரே கதவு

காட்டில் வலிய குரங்கு முறைத்தால் எளியது நாலு மரம் தள்ளிப் போய்விடும். சண்டை பெரும்பாலும் அங்கேயே தீரும். கூண்டில் அந்த நாலு மரத்துக்குப் பதிலாக நாம் எதையாவது கொடுத்தாக வேண்டும்.

நகர எல்லையில் ஒரு மீட்பு மையத்தில் பதினோரு நாட்டுக் குரங்குகளுக்கு நான் போட்ட கூண்டு அது. சாயங்காலமானால் பெரிய கடுவன் உள்ளறை வாசலில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பெண் குரங்கு மட்டும் உள்ளே வராது. பிடிவாதம் என்று நினைத்து, வாழைப்பழம் காட்டி உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினோம். மூன்றாம் நாள் காலை அதன் வால் நுனியும் ஒரு விரலும் இல்லை.

கிருஷ்ணகிரிக்காரரான காப்பாளர் அண்ணன் சொன்னார்: "தம்பி, நீங்க கட்டினது கூண்டு இல்ல, எலிப்பொறி."

கான்கிரீட் சுவரை உடைத்து எதிர்மூலையில் இரண்டாவது கதவு வைத்தோம். துரத்தினால் சுற்றி ஓடி வெளியே போகலாம். நடுவில் ஒன்றையொன்று பார்க்காதபடி பாதிச்சுவர். முதலிலேயே வைத்திருந்தால் ஒரு ஷட்டர் செலவோடு போயிருக்கும். கடி குறைந்தது. ஆனால் அந்தப் பெண் குரங்குக்கு அதற்குள் தன் கை முடியைத் தானே பிடுங்கும் பழக்கம் வந்திருந்தது, அது போகவே இல்லை. இப்படிப் படிந்த பழக்கம் கூண்டைத் திருத்தினாலும் லேசில் விடாது.

1925இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஹமாட்ரியாஸ் பபூன் என்ற நாய்முகக் குரங்குகளை ஒரு செயற்கைக் குன்றில் விட்டார்கள். ஏறக்குறைய எல்லாம் ஆண்கள், பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சண்டையில் பல செத்தன. குரங்கின் குணமே அப்படி என்று அப்போது நம்பியவர்கள் உண்டு. கோளாறு அவற்றை அடைத்து வைத்த விதத்தில்.

சதுர அடிக் கணக்கு

சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, பெரும்பாலும் மரத்திலேயே வாழ்வது. அதற்குத் தரையை அகலமாகக் கொடுத்து என்ன பயன்? உயரம் கொடுங்கள். உட்காரும் பலகை, பார்க்க வருபவரின் கண்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

ஒரே இடத்தில் தீனி

நாலு இடத்தில் வையுங்கள்.

நாலு பக்கமும் கண்ணாடி

வேண்டாம். ஒளிய ஒரு மறைவாவது வேண்டும்.

சுவரில் காட்டு ஓவியம்

அந்தக் காசுக்கு இன்னொரு கதவு வைக்கலாம்.