பான்டூன் படகு ரெயிலிங்கில் கழற்றி மாட்டும் பக்கப் பேனல்: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

பான்டூன் படகின் (மிதவைக் குழாய்கள்மேல் தட்டையான தளம் போட்ட படகு) ரெயிலிங்கில் ஒரு தகட்டை வைத்துப் பாப் ரிவெட் அடித்துவிட்டால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் அதைக் கழற்ற வேண்டுமென்றால் ரிவெட்டை டிரில் போட்டு உடைக்க வேண்டும். வெயில் காலத்தில் காற்றுக்காகத் திறந்துவைக்கவும், தூறலிலும் அலைத் தெறிப்பிலும் மூடிக்கொள்ளவும் வேண்டுமானால் பேனல் கையாலேயே கழன்று வர வேண்டும். அதே நேரம் ஓட்டத்தில் தானாகக் கழன்று தண்ணீரில் விழக்கூடாது. இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சொல்பவை.

முதலில் காற்றைக் கணக்கில் எடுப்போம். மணிக்கு 40 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டர் தகட்டை நேருக்கு நேர் சுமார் 8 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 90 கி.மீ. ஆனால் அது சுமார் 39 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதுதான் விஷயம். படகு தண்ணீரில் போகும்போது பிடிக்கிற பேனல், டிரெய்லரில் ஏற்றி நெடுஞ்சாலையில் இழுக்கும்போது பிய்த்துக்கொண்டு போவது இதனால்தான். பக்கவாட்டுப் பேனலில் காற்று உரசிக்கொண்டு போகும். முன்பக்கப் பேனலுக்கோ முழு அடியும் நேராக விழும்.

எந்தப் பொருள்

தொடக்கத்தில் 3 மி.மீ. ஏ.சி.பி. ஷீட் எடுத்துக்கொள்ளுங்கள், வெளிப்புறத் தரத்தில். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் உள்ள ஷீட் இது. சதுர மீட்டருக்கு 4 கிலோவுக்குள் இருக்கும், வளையாமல் நிற்கும், வீட்டிலேயே வெட்டலாம். 2 மி.மீ. கெட்டி அலுமினியத் தகடு இதைவிட உறுதி. ஆனால் எடை 5.4 கிலோ, கையாளும்போது நசுங்கினால் அந்த மடிப்பு போகவே போகாது. பாலிகார்பனேட் பார்வையை மறைக்காது, ஆனால் சூட்டில் அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு நீளும். அதற்குப் பின்னால் சொல்லும் 8 மி.மீ. திருகுத் துளை போதாது, 10 மி.மீ. வேண்டும். பிளைவுட் வேண்டாம். செம்பு கலந்த மருந்து ஏற்றிய பிளைவுட் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு ஈரமாக இருந்தால் அலுமினியம் அரிக்கும்.

மெஷ் துணியும் ஒரு வழிதான். ஐலெட் (துளைக்கான உலோக வளையம்) அடித்து எலாஸ்டிக் கயிற்றாலோ கேபிள் டையாலோ கட்டிவிடலாம். காற்று ஊடுருவுவதால் விசை குறையும், மடித்துப் பெட்டியில் வைக்கலாம். துணியை விறைப்பாக இழுத்து அளந்து, ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. சிறிதாக வெட்டுங்கள். வெள்ளை கேபிள் டை வெயிலில் உதிரும், கறுப்பு வாங்குங்கள். துணிக்கு இவ்வளவு போதும். இனி ஏ.சி.பி.

அளவெடுப்பு

படகின் முன்பக்கம் பார்த்து நின்று இடது, வலது என்று பிரித்து, ரெயிலிங்கின் இரண்டு செங்குத்துக் கம்பிகளுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் கொடுங்கள்: இ1, இ2, வ1, வ2. ஒரே மாதிரி தெரியும் இரண்டு கட்டங்கள் பெரும்பாலும் சில மி.மீ. வித்தியாசப்படும். ஒன்றை அளந்து எல்லாவற்றையும் அதே அளவில் வெட்டுவது முதன்முறை செய்பவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம். மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். இரண்டும் 3 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் கட்டம் சாய்ந்திருக்கிறது. அட்டையில் மாதிரி வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஷீட்டைத் தொட வேண்டும்.

உதாரணத்துக்கு 30 மி.மீ. சதுரக் குழாயில் ஆன ரெயிலிங் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரே ஒரு செங்குத்துக் கம்பிதான் இருக்கும். இரண்டு பேனல்களும் அதன்மேல் பங்கு போட்டு உட்கார வேண்டும். ஆளுக்குப் பாதிக்கம்பி கூட முழுதாகக் கிடைக்காது. அந்த இடத்தில் துளை போட்டால் பேனல் விளிம்பு கிழியும். அதனால் செங்குத்துக் கம்பியில் திருகே வேண்டாம். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டில் மட்டும் திருகுவோம். பக்கவாட்டில் பேனல் சும்மா சாய்ந்திருந்தால் போதும்.

அகலம்: கம்பியின் மையத்திலிருந்து அடுத்த கம்பியின் மையம் வரை அளந்து 5 மி.மீ. கழியுங்கள். 1,830 என்றால் பேனல் 1,825. உயரம்: மேல் கம்பியின் மேல் விளிம்பிலிருந்து கீழ்க் கம்பியின் கீழ் விளிம்பு வரை அளந்து 4 கழியுங்கள். 610 என்றால் 606. ரெயிலிங்குக்கும் தளத்துக்கும் நடுவே விட்டிருக்கும் சிறு இடைவெளியைப் பேனலால் மூடாதீர்கள். தளத்தில் விழும் தண்ணீர் வெளியேறுவது அந்த வழியாகத்தான்.

கேட் இருந்தால் அதற்குத் தனிப் பேனல், கேட்டின் சொந்தச் சட்டத்தில். பக்கத்துக் கம்பிமேல் ஒரு மி.மீ. ஏறினாலும் கேட் திறக்காது. தாழ்ப்பாளுக்குக் கை நுழைய இடம் விடுங்கள். சிவப்பு, பச்சை விளக்குகளையும் படகின் பதிவு எண்ணையும் பேனல் மறைக்கக்கூடாது.

ஒரு பேனலுக்கு வேண்டியவை

- ஏ.சி.பி. ஷீட், மேலே சொன்ன அளவு: 1
- எம்5 (5 மி.மீ. திருகுக்கான) அலுமினிய ரிவெட் நட், அதாவது குழாயின் துளைக்குள் விட்டுக் கருவியால் அழுத்திப் பிடிக்கவைக்கும் மரையுள்ள நட், வெளிப்புறம் சொரசொரப்பானது: 10
- எம்5×20 (20 மி.மீ. நீள) ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைத்திருகு, பிளாஸ்டிக் குமிழ் வைத்தது: 10
- 20 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் வாஷர்: 10
- அதே அளவில் 2 மி.மீ. தடிமன் ரப்பர் வாஷர்: 10
- 4 மி.மீ. உள்விட்டம், 2.5 மி.மீ. தடிமன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்): 10
- 3 மி.மீ. தடிமன், 10 மி.மீ. அகலம், தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் டேப்: சுமார் 1.2 மீட்டர்

இத்துடன் எல்லாப் பேனல்களுக்கும் சேர்த்து ஒரு ட்யூப் நியூட்ரல் சிலிக்கானும், ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் சேரும் இடத்தில் பூசும் அரிப்புத் தடுப்புப் பசையும். புளிக்காடி வாசனை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

எம்5×16 திருகு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். வாஷர், ரப்பர், பேனல், ஓ-ரிங் எல்லாம் சேர்ந்தே 9 மி.மீ.க்குக் கிட்ட ஆகிவிடும். இறுக்கிய ரிவெட் நட்டின் மரை வாயிலிருந்து சற்று உள்ளேதான் தொடங்கும். 16 போட்டால் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும்.

வெட்டுதல்

பாதுகாப்புப் படலத்தை உரிக்காமல், நல்ல முகம் கீழே இருக்கும்படி வைத்து, நுண்பல் பிளேடு போட்ட ஜிக்சாவால் வெட்டுங்கள். பிளேடு மேல்நோக்கி இழுக்கும்போதுதான் வெட்டும். பிசிறு மேல் முகத்தில் வரும். நான்கு மூலையையும் 10 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள். ஏறி இறங்குபவர்களின் முட்டிக்காலைக் கிழிப்பது கூர்மூலைதான். விளிம்பை அரத்தால் தேய்த்து, மெல்லிய கோடாகச் சிலிக்கான் தடவுங்கள். யூ வடிவ பீடிங் மாட்டினால் பார்க்க அழகு. ஆனால் கீழ் விளிம்பில் மாட்டாதீர்கள், தண்ணீர் அதற்குள் தேங்கித் தகடும் பிளாஸ்டிக்கும் பிரியும்.

மாட்டும் நாளிலேயே படலத்தை முழுதாக உரித்துவிடுங்கள். சில வாரம் வெயிலில் விட்டால் பசை இறுகிவிடும். அப்புறம் நகத்தால் சுரண்ட வேண்டியதுதான்.

துளைகள்: பேனலில் முதலில், கம்பியில் பிறகு

இந்த வரிசையை மாற்றினால் துளைகள் சேராது. பேனலின் மேல் விளிம்பிலிருந்து 13 மி.மீ. கீழே ஒரு கோடு, கீழ் விளிம்பிலிருந்து 13 மி.மீ. மேலே ஒரு கோடு. மாட்டும்போது இரண்டு கோடும் கம்பிகளின் மையத்தில் விழும். இடது ஓரத்திலிருந்து 60, 486, 912, 1,339, 1,765 மி.மீ.யில் புள்ளி வையுங்கள். ஓரத்தில் 60 விடுவது வெல்டிங் தடிப்பைத் தாண்டிப் போகத்தான். பத்துப் புள்ளியிலும் 3 மி.மீ. துளை.

இப்போது பேனலைக் கிளாம்ப் வைத்து ரெயிலிங்கில் நிறுத்தி, நான்கு பக்கமும் இடைவெளி சரியா என்று பாருங்கள். டிரில்லைத் தொடுமுன் ஒரு காரியம்: பேட்டரியைத் துண்டித்துவிட்டு, விளக்கு, ஸ்பீக்கர் ஒயர் எந்தக் குழாய்க்குள் போகிறதென்று தேடுங்கள். முன்பக்கக் கம்பிகளுக்குள் ஒயர் ஓடுவது சகஜம். ஓடினால், ஒயரை வெளியே இழுத்துவிட்ட பிறகே அந்தக் குழாயைத் துளையுங்கள்.

பிட்டில் முனையிலிருந்து 10 மி.மீ. உயரத்தில் டேப் சுற்றிக்கொண்டு, பேனலின் துளை வழியாகவே கம்பியின் ஒரு சுவரை மட்டும் 3 மி.மீ.யில் துளையுங்கள். பேனலை இறக்கிவையுங்கள். கம்பியின் துளைகளை 7 மி.மீ. ஆக்குங்கள், எம்5 ரிவெட் நட்டுக்கு வழக்கமான அளவு அது, ஆனாலும் பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேனலில் மேல் வரிசையின் நடுத் துளையை மட்டும் 5.5 மி.மீ. ஆக்குங்கள். மற்ற ஒன்பதும் 8 மி.மீ.

நடுத் துளை பேனலை ஓரிடத்தில் நிறுத்தும். மற்றவை நகர இடம் தரும். 1,825 மி.மீ. பேனல் 40 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 1.8 மி.மீ. நீளும். நடுவில் பிடித்திருப்பதால் ஒவ்வொரு முனையும் 0.9 மி.மீ. நகரும்; 8 மி.மீ. துளையில் 5 மி.மீ. திருகுக்குச் சுற்றிலும் 1.5 மி.மீ. இருக்கிறது. எல்லாத் துளையையும் கச்சிதமாகப் போட்டால் நடுப்பகல் வெயிலில் பேனல் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். காலையில் கழன்ற திருகு மதியம் கழலாது. சிலர் கிரீஸ் போட்டுப் பார்ப்பார்கள், பயனில்லை, மரையில் கோளாறு ஒன்றும் இல்லை.

ரிவெட் நட்

முதலில் அதே தடிமனுள்ள வெட்டுக் குழாயில் இரண்டு மூன்று போட்டுப் பழகுங்கள். கருவியால் மெதுவாக அழுத்துங்கள். கைக்குச் சட்டென்று கெட்டிப்படுவது தெரிந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு அழுத்து அழுத்தினால் அலுமினிய மரை உரிந்துவிடும். குறைவாக அழுத்தினால் நட் துளைக்குள் சுற்றும்.

சுற்றுவதற்கு இன்னொரு காரணம் துளை பெரிதாகிவிடுவது. மழுங்கிய பிட்டை ஆட்டி ஆட்டித் துளைத்தால் 7 மி.மீ. துளை 7.3 ஆகும், பிடிமானம் போய்விடும். சுற்றும் நட்டின் விளிம்பைக் குறட்டால் பிடித்துக்கொண்டு டிரில் போட்டு எடுங்கள். உள்ளே விழுந்த துண்டு குழாயில் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், முடிந்தால் காந்தமல்லாத கொக்கியால் எடுக்கப் பாருங்கள். காந்தத்தில் அலுமினியம் ஒட்டாது. அந்த இடத்தில் 9 மி.மீ. துளை போட்டு எம்6 ரிவெட் நட் வைத்து, அதற்கேற்ற திருகு போட்டுக்கொள்ளலாம். பேனலிலும் அந்தத் துளையை 9 ஆக்குங்கள்.

நட் போடுமுன் துளை விளிம்பில் துளி சிலிக்கான் வையுங்கள். குழாய்க்குள் தண்ணீர் போனால் வெளியே வர வழியில்லை.

மாட்டுதல்

செங்குத்துக் கம்பிகளின் வெளி முகத்தில் ஃபோம் டேப் ஒட்டுங்கள். ஓட்டத்தில் பேனல் படபடவென்று அடிக்காமல் இருப்பது இதனால்தான். கீழ்க் கம்பியில் ஒட்டாதீர்கள்; அங்கே அழுக்கும் ஈரமும் சேரும்.

திருகில் ஸ்டெயின்லெஸ் வாஷர், அதன்மேல் ரப்பர் வாஷர் கோத்து, பேனல் துளைக்குள் விட்டு, பின்பக்கம் வெளிவரும் மரையில் ஓ-ரிங்கை இழுத்து மாட்டுங்கள். இனி திருகு பேனலோடே இருக்கும். கழற்றும்போது தண்ணீரில் விழாது. பேனலுக்கும் கம்பிக்கும் நடுவே தண்ணீர் வடிய இடைவெளி தருவதும் அந்த ஓ-ரிங்தான். மரை நுனியில் தடுப்புப் பசை தடவுங்கள். உப்புத் தண்ணீரில் ஓடும் படகென்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. ஸ்டெயின்லெஸ் திருகு அலுமினிய நட்டை அரித்து ஒட்டிக்கொண்டால் அந்தப் பேனல் இனிமேல் கழற்றி மாட்டும் பேனல் இல்லை.

மேல் நடுத் திருகு முதலில், பிறகு மேல் வரிசை, கடைசியில் கீழ் வரிசை. பத்தும் பிடித்த பிறகே இறுக்கத் தொடங்குங்கள். ரப்பர் இலேசாகப் பிதுங்கும் வரை, கைவிரலால் மட்டும். குறடு வைத்து இறுக்கினால் பேனல் நகர முடியாமல் போகும், நகர இடம் விட்டுப் போட்ட துளைக்கு அர்த்தமே இருக்காது. துறையில் உரசும் பக்கத்தில் குமிழ்த் திருகு கயிற்றில் சிக்கும். அங்கே மட்டும் தட்டைத் தலை ஆலன் திருகு போடுங்கள்.

முதல் அரை மணி ஓட்டத்துக்குப் பிறகு எல்லாத் திருகையும் தொட்டுப் பாருங்கள். ரப்பர் ஒருமுறை அமர்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

மாட்டிய பிறகு

பேனல் மாட்டிய படகைக் காற்று பக்கவாட்டில் அதிகம் தள்ளும். துறையில் அணைக்கும்போது வழக்கத்தைவிட முன்னதாகவே காற்றுப் பக்கம் திருப்பிவைக்க வேண்டியிருக்கும். மேலே கூரையும் பக்கத்தில் பேனலும் இருக்கையில், நின்ற படகில் எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வெளியேறாமல் உள்ளேயே தங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குறைந்தது பின்பக்கமும் ஒரு பக்கமும் திறந்திருக்கட்டும்.

இந்த அளவில் ஒரு பேனல் 4.5 கிலோவுக்குள் வரும். ஆறு பேனல் என்றால் 27 கிலோ. படகின் சுமைத் தகட்டில் போட்டிருக்கும் எடையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரெய்லரில் ஏற்றுமுன் முன்பக்கப் பேனல்களைக் கட்டாயம் கழற்றுங்கள். கழற்றியவற்றை நிமிர்த்தி, நடுவே துணி கொடுத்து, எண் வெளியே தெரியும்படி வையுங்கள். படுக்கவைத்து மேலே சாமான் அடுக்கினால் குமிழ்கள் அடுத்த பேனலில் பள்ளம் போடும்.