கஞ்சியை விட அடை மேல்

சர்க்கரை வந்ததும் இட்லியை விட்டுக் கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறுகிறவர்கள் நிறையப் பேர். மாவைக் கரைத்துக் காய்ச்சும் கஞ்சி சீக்கிரம் செரித்து, சர்க்கரையை விறுவிறுவென ஏற்றிவிடும். அதே மாவில் முருங்கைக்கீரை போட்டு அடை தட்டினால் பரவாயில்லை.

என் ஓட்டு பச்சைப்பயறு தோசைக்குத்தான். இரவு ஊறவைத்த முழுப்பயறோடு இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து அரைத்து உடனே வார்க்கலாம், புளிக்கவே வேண்டாம்.

இட்லியை விட முடியாதா? சரி, இரண்டோடு நிறுத்தி, காய் நிறைந்த சாம்பாரைக் கிண்ணம் நிறைய ஊற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். பொதுவாக 180க்குள் இருந்தால் அந்த உணவு உங்களுக்கு ஒத்துப்போகிறது. இன்சுலின் போடுகிறவர்கள் உணவைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடலாம்.