பீப்பாயில் ஊறிய ஏல்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகாகோவில் ஆண்டுதோறும் நவம்பரில், பிளாக் ஃப்ரைடே என்ற தள்ளுபடி விற்பனை நாளில், கூஸ் ஐலண்ட் பீர் ஆலையின் 'போர்பன் கவுண்டி ஸ்டவுட்' விற்பனைக்கு வரும். ஸ்டவுட் என்பது ஏல் வகையைச் சேர்ந்த கறுப்பு பீர்; இது, போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த மரப்பீப்பாயில் ஊறியது. வரிசையில் புதுமுகங்களின் பேச்சைக் கேட்டால், எங்கள் கூட்டம் ஆரம்பத்தில் அடித்த கூத்துகள் அப்படியே திரும்புகின்றன. ஐஸ் போடாதீர்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

ஃப்ரிட்ஜிலிருந்து நேராக ஊற்றுவது

கசப்பும் கரிவாடையும்தான் முன்னால் நிற்கும். 12–14 டிகிரி செல்சியஸுக்கு வரட்டும்.

வருடக்கணக்கில் பூட்டி வைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். "14 சதவீதம் ஆல்கஹால், வைக்க வைக்க ருசி கூடும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். விலை கொடுத்து வாங்கியவரும் பாட்டிலை அலமாரியில் ஏற்றிவிடுகிறார்.

ஊற வேண்டியது ஆலையிலேயே ஊறிவிட்டது. போர்பனை உட்புறம் கருக்கிய புது ஓக் கலனில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் பீர் ஆலைகளுக்கு வருகின்றன. மரத்தின் வெனிலாவும் தேங்காய் மணமும், முன்பு இருந்த போர்பனின் காட்டமும் இறங்கிய பிறகுதான் பாட்டிலில் அடைப்பார்கள். கண்ணாடி எதையும் புதிதாகத் தராது. ஆக்ஸிஜன் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். கொஞ்ச காலம் அது நல்லது: காட்டம் தணிந்து பேரீச்சம்பழ ருசி தலைகாட்டும். அப்புறம் நனைந்த அட்டைப்பெட்டி வாடை, சோயா சாஸ்.

நண்பர் ஒருவர் காபி சேர்த்த ஸ்டவுட்டை, மகள் பிறந்தபோது வாங்கி, அடுப்புக்கு மேலே இருந்த அலமாரியில் வைத்தார். அவள் பள்ளியில் சேர்ந்த அன்று திறந்தோம். நுரை எழவேயில்லை. மூக்கருகே கொண்டுபோனால் காபியின் சுவடே இல்லை, பச்சைக் குடைமிளகாய் வாடை. விழுங்கியதும் நாக்கோரத்தில் உப்புக் கரிப்பு. வாங்கிய வாரமே குடித்திருந்தால் எவ்வளவு அருமையான பீர் அது!

நெடுநாள் வைக்கவென்றே செய்தவையும் உண்டு. இங்கிலாந்தின் டார்செஸ்டரில் 1968ல் வந்த தாமஸ் ஹார்டி ஏல் அப்படி. பாட்டிலுக்குள் உயிருள்ள ஈஸ்ட் இருந்தது. போர்பன் கவுண்டியோ, 2015ல் லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியா புகுந்து புளித்த பிறகு, பாஸ்டரைஸ் செய்யப்பட்டு, அதாவது நுண்ணுயிர்கள் சாகும்படி சூடாக்கப்பட்டு வருகிறது.

காபி, வெனிலா, பழம் சேர்த்ததை ஓராண்டுக்குள் குடித்துவிடுங்கள். எதுவும் சேர்க்காதது என்றால் இரண்டு வாங்குங்கள். ஒன்றை உடனே திறங்கள். மற்றதை இருட்டான, குளுமையான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். முதல் பாட்டிலின் ருசி தெரியாமல், இரண்டாவது தேறியதா கெட்டதா என்று எப்படிச் சொல்வீர்கள்?

பைன்ட் கிளாஸ்

அந்தப் பெரிய பீர் கிளாஸ் வேண்டாம். வாய் குறுகிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

ஒரு பாட்டில், ஒரே ஆள்

500 மில்லி பாட்டில், 14 சதவீதம் என்றால் 70 மில்லி சுத்த ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கில் அது கிட்டத்தட்ட நாலு டிரிங்க், அதாவது நாலு சாதாரண பீர் குடித்த மாதிரி. நாலு பேராகப் பகிருங்கள். வண்டி ஓட்டுபவர் அந்த நாலு பேரில் இருக்கக் கூடாது.