சிறுகப்பல் பயணம்: மதுரையிலிருந்து கிளம்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் பெருங்கப்பல்களில் ஒருமுறை போய் வந்த மதுரைக்காரர்கள், இப்போது நாற்பது பேரோ நூறு பேரோ மட்டும் செல்லும் சிறிய கப்பல்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருப்பதால் அவர்களுடைய முன்பதிவுத் தாள்களும் விசாப் படிவங்களும் என் மேசைக்கு வருகின்றன. பெரும்பாலும் பணம் கட்டி முடித்த பிறகுதான் வருகின்றன. தொடக்க காலத்தில் எங்களைப் போன்றவர்கள் செய்த அதே பிழைகள் அவற்றில் அச்சுப் பிசகாமல் திரும்ப வருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும், குமட்டலுக்கு மாத்திரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

கட்டணத்தைப் பார்ப்பது, ஆள் எண்ணிக்கையைப் பார்க்காமல் விடுவது

சிறிய கப்பல் என்பதற்கு நிலையான அளவுகோல் ஏதும் கிடையாது. முப்பது பேர் செல்வதையும் முந்நூறு பேர் செல்வதையும் விளம்பரங்கள் ஒரே பெயரில்தான் விற்கின்றன. அண்டார்க்டிகாவில் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது என்பது அங்கே கப்பல் விடும் நிறுவனங்களின் கூட்டமைப்பு வைத்திருக்கும் விதி. 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் பயணிகளைக் கரையிறக்கவே முடியாது. எனவே 190 பேர் கொண்ட கப்பலில் கட்டணம் குறைவாக இருந்தால், கரையில் நிற்கப் போகும் நேரமும் குறைவு என்று பொருள்; ஒரு பாதி இறங்கித் திரும்பும் வரை மறு பாதி கப்பலிலோ ரப்பர் படகிலோ காத்திருக்கும். தென் அமெரிக்க நாடான ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகஸ் தீவுகளில் கப்பலுக்கே 100 பேர்தான் உச்சவரம்பு. அங்கே ஒரு வழிகாட்டிக்குப் பதினாறு பேருக்கு மேல் இல்லாமல் குழு பிரித்துத்தான் இறக்குவார்கள். பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கப்பலில் மொத்தம் எத்தனை பேர் என்பதே.

விமானச் சீட்டைப் பார்த்து விசா எடுப்பது

மற்ற தவறுகளையெல்லாம் பணமோ பொறுமையோ கொடுத்துச் சமாளித்துவிடலாம். இதைச் சமாளிக்க முடியாது. சில சொற்களில் தடுத்திருக்கக்கூடியது என்பதால் இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

பணி ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவரும் அவருடைய மனைவியும் குரோஷியக் கடற்கரையில் சிறுகப்பல் ஒன்றில் இடம் பிடித்திருந்தார்கள். ஸ்பிளிட்டில் ஏறி, ஹ்வார், கோர்ச்சுலா தீவுகள் வழியாக டுப்ரோவ்னிக் சென்று, அங்கிருந்து கோட்டர் விரிகுடாவுக்குள் போய்விட்டு, மறுபடி டுப்ரோவ்னிக்கில் வந்து இறங்குவது திட்டம். விசா வேறொருவர் எடுத்துக் கொடுத்தது. அவசரத்துக்கு யூரோ மாற்றுவது பற்றிக் கேட்க வந்தவர், பேச்சுவாக்கில் பாஸ்போர்ட்டை என் மேசையில் வைத்தார். விசா ஒட்டியிருந்த பக்கத்தைப் புரட்டினேன். எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தில் ‘01’ என்று இருந்தது.

"சார், கோட்டர் குரோஷியா இல்லை, மாண்டினீக்ரோ. அங்கே போனால் இந்த விசா முடிந்துவிடும், திரும்ப டுப்ரோவ்னிக்குக்குள் வர முடியாது" என்றேன்.

"என்ன தம்பி சொல்றீங்க? கப்பல் ஒரே கப்பல்தானே, ஒரு தடவை போதும்னுதானே அவர் சொன்னாரு?" என்றார்.

தவறு எங்கே நடந்தது என்பது அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. விசாப் படிவம் நிரப்புகிறவர்கள் விமானச் சீட்டை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு நிரப்புகிறார்கள். அந்தச் சீட்டில் ஐரோப்பாவுக்குள் ஒரு முறை நுழைவதும் ஒரு முறை வெளியேறுவதும் மட்டுமே இருக்கும்; நடுவில் கப்பல் கடக்கும் எல்லைகள் எந்தச் சீட்டிலும் அச்சாகியிருக்காது. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் சுற்றிவர முடிகிற ஷெங்கன் பகுதியில் குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் இருக்கிறது, மாண்டினீக்ரோ இல்லை. ஆகவே டுப்ரோவ்னிக்கில் கப்பல் புறப்படும்போது ஷெங்கனை விட்டு வெளியேறியதாகப் பதிவாகும். மறுநாள் திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. ‘01’ விசாவில் இரண்டாவது நுழைவு என்பதே கிடையாது.

புதிய விசாவுக்குக் காலம் இல்லை. தம்பதியர் கப்பலில் ஏறினார்கள்; ஆனால் கோட்டருக்குப் புறப்படும் முன்பே டுப்ரோவ்னிக்கில் பெட்டியோடு இறங்கிக்கொண்டார்கள். கப்பலில் கட்டிய கடைசி இரவுகளுக்குப் பணம் திரும்பவில்லை. கோடைக்காலக் கூட்டத்தில் அந்த ஊரில் விடுதி அறைக்குக் கொடுத்தது தனி. அந்த அம்மா இந்தப் பயணத்தையே தேர்ந்தெடுத்தது மலைகளுக்கு நடுவே வளைந்து போகும் கோட்டர் விரிகுடாவுக்காகத்தான்.

எரிச்சலுக்குக் காரணம் வேறொன்றும் உண்டு. ஷெங்கன் குறுகியகால விசாவுக்குப் பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. ஒருமுறை நுழைவுக்கும் பலமுறை நுழைவுக்கும் அதே தொகைதான். கூடுதலாக ஒரு பைசா செலவில்லாத இடத்தில், படிவத்தின் ஒரு கட்டத்தில் குறி மாறிப் போட்டதற்கு இத்தனை விலை. "கப்பலில் யார் சார் பார்க்கப் போகிறார்கள்" என்று சமாதானம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பார்ப்பார்கள், பயணிகளின் பாஸ்போர்ட்டுகளைக் கப்பல் ஊழியர்களே வாங்கித் துறைமுக அதிகாரிகளிடம் கொடுப்பது வழக்கம். 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் சேர்ந்த கணினிப் பதிவு முறையும் படிப்படியாக நடைமுறைக்கு வந்துவிட்டது.

செய்ய வேண்டியது எளிது. கப்பல் நிறுவனத்திடமிருந்து நாள்வாரியாக எந்தத் துறைமுகம் என்ற பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் அது எந்த நாடு, அந்த நாடு ஷெங்கனில் உண்டா இல்லையா என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். அந்தப் பட்டியலை விசா விண்ணப்பத்தோடு இணைத்து, பலமுறை நுழைவு ஏன் தேவை என்று முகப்புக் கடிதத்தில் ஒரு வாக்கியம் சேருங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், கைரேகை கொடுக்கச் சென்னைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஒரு முறை போய்வரும் வேலையை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட் திரும்பி வந்த அன்றே, பூஜை அறையில் கொண்டுபோய் வைப்பதற்கு முன், அந்தக் கட்டத்தைப் பாருங்கள்: ‘02’ அல்லது பலமுறை என்பதைக் குறிக்கும் ‘மல்ட்’ (MULT) என்று இருக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் கோட்டருக்கு மட்டும் உரியதன்று. டுப்ரோவ்னிக்கிலிருந்து கரைச் சுற்றுலாவாக அழைத்துப் போகும் மோஸ்தார் நகரம் போஸ்னியாவில் இருக்கிறது. புடாபெஸ்டிலிருந்து டான்யூபில் கீழ்நோக்கிப் போகும் கப்பல் பெல்கிரேடில் நின்றால் அது செர்பியா. துருக்கியின் போத்ரும் கரையிலிருந்து கிரேக்கத்தின் கோஸ் தீவுக்குப் போய்த் திரும்பும் மரக்கலங்களில் இரண்டு நாட்டு விசாவையும் பார்க்க வேண்டும். நம் நாட்டிலும் இது வரும்: 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியில் தொடங்கிவைக்கப்பட்ட கங்கா விலாஸ் என்ற ஆற்றுக் கப்பல், அசாமின் திப்ருகர் வரையிலான சுமார் 3,200 கிலோமீட்டர் பாதையில் வங்கதேசத்தின் வழியாகச் சென்றது. அத்தகைய பாதையில் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகனோ மகளோ கூட வருவதானால், வங்கதேச விசாவோடு, இந்தியாவுக்குள் இரண்டாம் முறை நுழைய அவர்களுடைய விசா இடம்கொடுக்கிறதா என்பதையும் பாருங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் இந்தியப் பக்கத்தில் கவலை இல்லை.

கப்பல் ஏறும் நாளிலேயே விமானத்தில் போய் இறங்குவது

வேண்டாம். முந்தைய நாளே போய்ச் சேருங்கள்.

சைவம் என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வது

சிறுகப்பலின் சமையலறை நம் வீட்டு அடுப்படியைவிடச் சற்றுத்தான் பெரியது. சரக்கெல்லாம் புறப்படும் துறைமுகத்திலேயே ஏற்றப்படும். நடுவழியில் பயறோ தயிரோ கேட்டால் கிடைக்காது. முன்பதிவுப் படிவத்தில் சைவம் என்று மட்டும் எழுதினால், சில நாடுகளில் மீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஏன் முகம் சுளிக்கிறீர்கள் என்று உண்மையாகவே புரியாமல் நிற்பார்கள். இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு ஆகியவை கூடாது, பால், தயிர், பருப்பு, காய்கறி ஆகும் என்று தனித்தனியாக எழுதி, சில வாரங்கள் முன்னதாகவே மின்னஞ்சலில் அனுப்பி, பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குரோஷியச் சிறுகப்பல்கள் பல, இரவில் துறைமுகத்தில் கட்டிப்போட்டுவிட்டு, இரவு உணவைக் கரையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடும். அதற்கான செலவு கட்டணத்தில் சேராது. பருப்புப்பொடி கொண்டு போகலாம். நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வேண்டாம். வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பால்பொருட்களையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது.

விசாவுக்காக எடுத்த காப்பீடே போதும் என்று இருப்பது

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதால், பலரும் அந்தத் தொகைக்கே மிக மலிவான பாலிசியை எடுத்துவிடுகிறார்கள். கடலோரம் ஓடும் சிறுகப்பல்கள் பலவற்றில் மருத்துவர் இருப்பதில்லை. அண்டார்க்டிகா போகும் கப்பலில் இருப்பார், ஆனால் மருத்துவமனைக்குப் போக இரண்டு நாள் கடலைத் தாண்ட வேண்டும். நோயாளியைக் கப்பலிலிருந்து எடுத்துச் செல்லும் செலவுக்குத் தனியாக எவ்வளவு தருகிறார்கள் என்று பாலிசியில் தேடுங்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பதை மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நேரத்தில் வெறும் காகிதம்.

பெரிய பெட்டி

அறையில் அதை வைக்க இடமிருக்காது. மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளக்கூடிய துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலியைச் சொல்லாமல் மறைப்பது

சிறிய கப்பல்களில் லிப்ட் பெரும்பாலும் இருக்காது. குரோஷியத் துறைமுகங்களில் இடநெருக்கடியால் கப்பல்களைப் பக்கவாட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். கரைக்கு வர அடுத்தவர் கப்பலின் தளத்தில் ஏறி, மூன்றாமவர் கப்பலின் கம்பியைத் தாண்டி நடக்க வேண்டியிருக்கும். கலாபகஸில் ரப்பர் படகை மணல் வரை கொண்டுவந்து, முழங்கால் தண்ணீரில் காலை விட்டு இறங்கச் சொல்வார்கள். புடவையே கட்டுவேன் என்று பிடிவாதமாக இருக்கும் அத்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது

அமேசானிலோ கலாபகஸிலோ கப்பல் ஏறிவிட்டு ஊர் திரும்புபவர்களிடம் நம் விமான நிலையத்திலேயே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இது போடப்படும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அவற்றில் ஒன்று. அறுபது வயதைத் தாண்டியவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. சிறுகப்பல் கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் அந்த வயதினர்தாம்.

பிரம்மபுத்திராவில் இறங்கும் நாளிலேயே திரும்பும் விமானம் போடுவது

அங்கே கப்பல் ஓடும் காலம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. பனிக்காலத்தில் தண்ணீர் வடிய வடிய மணல்திட்டுகள் இடம் மாறும். சென்ற வாரம் கப்பல் நின்ற கரையில் இந்த வாரம் நிற்க முடியாது. இறங்கும் இடம் சில மணி நேரச் சாலைப் பயணம் அளவுக்கு மாறிப்போவதும் உண்டு. ஓர் இரவு குவாஹாட்டியில் தங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

டி.சி.எஸ். யார் பெயரில் என்று யோசிக்காமல் பணம் கட்டுவது

வெளிநாட்டுப் பயணத் தொகுப்பை இந்திய ஏஜென்டிடம் வாங்கும்போது, விலைக்கு மேல் டி.சி.எஸ். வரியையும், அதாவது விற்பவரே வாங்கி அரசுக்குக் கட்டும் முன்கூட்டிய வரியையும், அவர் வசூலிப்பார். அது பணம் கட்டியவரின் பான் எண்ணில் வரவாகும். அவர் கட்ட வேண்டிய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத தாயாரின் கணக்கிலிருந்து மொத்தப் பணத்தையும் கட்டினால், அந்தத் தொகையைத் திரும்பப் பெற அவர் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். குடும்பத்தில் வரி கட்டுபவர் யாரோ அவருடைய கணக்கிலிருந்து கட்டுவது நல்லது.