தொங்கும் பாறையைத் தட்டி இறக்குவது எப்படி? சுரங்க வேலைக்குப் போகும் டெல்டாக்காரர்களுக்கு

மன்னார்குடிப் பக்கம் எவ்வளவு தோண்டினாலும் வண்டலும் மணலும்தான், தலைக்கு மேல் பாறை என்பதே நமக்குப் புதுசு. கர்நாடகத்து ஹட்டி தங்கச் சுரங்கமோ ராஜஸ்தான் துத்தநாகச் சுரங்கமோ, உள்ளே போனால் கழன்ற கல்லை நாமே இறக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. இதை டிரெஸ்ஸிங் என்பார்கள், கருவிக்குப் பெயர் ஸ்கேலிங் பார்.

வீட்டுக் கடப்பாரையை நினைக்காதீர்கள். இது அலுமினியம் அல்லது ஃபைபர் தண்டு, நுனியில் மட்டும் எஃகு உளி, ஆறடியிலிருந்து பன்னிரண்டடி வரை கிடைக்கும். கூரை உயரத்துக்கு ஏற்ற நீளத்தை எடுங்கள். நான் ஒருமுறை சோம்பல்பட்டுக் குட்டையானதை எடுத்துப் போய், எட்டவில்லையென்று ஓரடி முன்னே வைத்து நெம்ப, அம்மிக்கல் அளவு துண்டு ஒன்று பூட்ஸ் பக்கத்திலேயே விழுந்தது. மழுங்கிய நுனி, வளைந்த தண்டு என்றால் தொடவே வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். வெடி வைத்த இடமென்றால் புகை போய், மைனிங் மேட், அதாவது அங்கே நம் வேலையைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர், பார்த்துச் சொன்ன பிறகே உள்ளே கால் வைக்க வேண்டும். அப்புறம் கூரையையும் பக்கச்சுவரையும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், தூசி போனால்தான் விரிசல் தெரியும். பின்னால் ஓட வழி இருக்கிறதா, கேபிள் ஏதாவது காலில் மாட்டுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே தட்டிப் பார்த்த கூரைக்குக் கீழே நின்றுகொண்டுதான் அடுத்த பகுதியைத் தட்ட வேண்டும். கும்பகோணத்துப் பழைய வீடுகளில் காரை விட்டிருக்கிறதா என்று கொத்தனார் தட்டிக் கேட்பாரே, அதே காதுதான் இங்கேயும்: கணீரென்றால் கெட்டி, பொத்தென்றால் கழன்றிருக்கிறது. ஆனால் கனத்த பாறை கழன்றிருந்தாலும் சில சமயம் கணீரென்றே ஏமாற்றும், அதனால் காதை மட்டும் நம்பாமல் விரிசல் எங்கே ஓடுகிறதென்று விளக்கடித்துப் பாருங்கள்.

நெம்பும்போது பாரை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கவே கூடாது, உடம்புக்குப் பக்கவாட்டில்தான். தண்டு நன்றாகச் சாய்ந்திருக்கட்டும், நெட்டுக்குத்தாகப் பிடித்தால் கல் அதன் வழியே சறுக்கி நேராகக் கைக்கு வரும். கூட இருப்பவர் விளக்குக் காட்டலாம், கல் விழும் எல்லைக்கு வெளியே நின்று.

கை எட்டாத உயரத்துக்கு ஸ்கேலர் வண்டி இருக்கிறது, ஓட்டுபவர் கவசக் கூண்டுக்குள் உட்கார்ந்தபடி ஹைட்ராலிக் கையால் தட்டி இறக்குவார். நெம்பியும் வராமல், பொத்தென்றே கேட்டுக்கொண்டிருக்கும் பாறைக்குக் கீழே மட்டும் கடந்து போகாதீர்கள். வழியை மறித்துவிட்டு மைனிங் மேட்டிடம் சொல்லுங்கள், பாறையைப் பிடித்து நிறுத்தும் இரும்பு போல்ட் அடிப்பதா வண்டியை வரவழைப்பதா என்று மேலே பேசி முடிவு செய்வார்கள்.