உறைந்துபோன நாட்டிலஸை டெர்மினலில் சரிசெய்தேன்

காரைக்குடி வீட்டின் ஆத்தங்குடிக் கல் தரையைப் படமெடுத்து, உபுண்டு இயங்குதளம் உள்ள என் கணினியில் ஒரே ஃபோல்டரில் போட்டிருந்தேன். "அந்தப் பூப்போட்ட கல்லைக் காட்டப்பா" என்று ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஃபோல்டரைத் திறந்ததும், கோப்புகளைக் காட்டும் நிரலான நாட்டிலஸ் உறைந்துவிட்டது.

கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் வரும். 'நாட்டிலஸ் -க்யூ' என்பது அதன் ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடும் கட்டளை. உறைந்த நிரலுக்கு அது எட்டவில்லை. 'கில்லால் நாட்டிலஸ்' கொடுத்தேன், உடனே மூடியது. படங்களுக்கு எந்தச் சேதமும் இல்லை.

ஆனால் மறுபடி திறந்தால் அதே கதை. ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் '.கேஷ்' ஃபோல்டருக்குள் 'தம்ப்நெயில்ஸ்' என்று ஒன்று உண்டு. அதை அழித்தேன். அதில் இருப்பவை வெறும் முன்னோட்டப் படங்கள்தான், தானாகவே மீண்டும் உருவாகிவிடும், பயப்படாமல் அழிக்கலாம்.

பிறகு 'நாட்டிலஸ் --செலக்ட்' என்று போட்டு, படத்தின் பெயரையும் சேர்த்தேன். ஃபோல்டர் திறந்து, சிவப்பும் பச்சையுமான அந்தக் கல் தேர்வாகி நின்றது. ஆச்சி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.