ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன் எர்த் கேபிளைப் பாருங்கள்

பழைய கோல்ஃப் ஜிடிஐ, பெஷோ 205 ஜிடிஐ மாதிரி கார்களில் ஸ்டார்ட்டர் (எஞ்சினைக் கிளப்பும் மோட்டார்) சோம்பலாகச் சுற்றினால் உடனே புதிது வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். (நான் கிளம்பினேன். பழையதில் ஒரு கோளாறும் இல்லை.) பேட்டரி நன்றாக இருந்தால், அடுத்த சந்தேகம் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் கேபிள் மேல்தான்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் தூணில், அதைக் கவ்வும் கிளாம்பில் அல்ல. மற்றது எஞ்சின் பிளாக்கின் வெறும் உலோகத்தில். எஞ்சின் ஓடிவிடாமலிருக்க ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் வினை. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது, துருவால் வெறும் 0.01 ஓம் தடை சேர்ந்தாலே 1.5 வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட்டில் அது பெரிய இழப்பு.

சரி செய்வது சுலபம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கேபிளின் இரு முனைகளையும் அவை உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்து இறுக்குங்கள். அப்புறம் மேலே கொஞ்சம் வாசலின். கேபிளுக்குள் பச்சை பூத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.